வீசம் பங்கு

போன வாரம் காலை நடை முடிந்து, கிழக்குக் கடற்கரைச் சாலையோரத்து டீக்கடையில் வழக்கம்போல் நாங்கள் ஐந்தாறு பேர் உட்கார்ந்திருந்தோம். எல்லோரும் ஓய்வு பெற்றவர்கள். கண்ணுக்கு எட்டிய தூரம் உப்பளம். பேச்சு தேர்தல், சர்க்கரை, முழங்கால் வலி என்று சுற்றி, கடைசியில் ஒரு நண்பரின் வீட்டு விஷயத்தில் வந்து நின்றது. அவருடைய மருமகள் பிரிந்து போய் வரதட்சணைக் கொடுமை என்று புகார் கொடுத்திருக்கிறாள். நண்பரும் அவர் மனைவியும் இந்த வயதில் காவல் நிலையத்துக்கு நாலு முறை போய் வந்துவிட்டார்கள். மனிதர் பாதியாக இளைத்திருக்கிறார்.

"பெண்ணியம் பெண்ணியம்னு பேசுறாங்களே, இந்த நாட்ல ஆம்பளைக்குன்னு ஒரு சட்டம் இருக்கா? நீங்க பத்திர ஆபீஸ்ல இருந்தவர், சொல்லுங்க சார்" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

அங்கே நான் ஒன்றும் சொல்லவில்லை. கண் கலங்கி நிற்பவரிடம் சரித்திரம் பேசக் கூடாது. ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் கேள்வி விடவில்லை. பொங்கல், தீபாவளிக்குத் தொலைக்காட்சிப் பட்டிமன்றங்களில் 'அதிகம் கஷ்டப்படுவது ஆணா, பெண்ணா' என்று பேசிச் சிரிக்க வைக்கிறார்களே, அதே கேள்விதான். ஒரு குடும்பத்துக்குள் வந்தால் யாருக்கும் சிரிப்பு வருவதில்லை. பதிவுத்துறையில் 38 வருடம் இருந்தவன் என்ற முறையிலும், ஒரு அக்காவுக்குத் தம்பியாகவும் ஒரு தங்கைக்கு அண்ணனாகவும் பிறந்தவன் என்ற முறையிலும் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

முதலில் நண்பர் பக்க நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்திய தண்டனைச் சட்டத்தில் 498-ஏ பிரிவு 1983-ல் வந்தது. கணவனும் அவன் உறவினர்களும் மனைவியைக் கொடுமைப்படுத்தினால் மூன்று ஆண்டு வரை சிறை. ஜாமீன் உரிமையாகக் கிடைக்காது. அந்த நாட்களில் ஸ்டவ் வெடித்துச் செத்தாள் என்று செய்தி வராத வாரம் கிடையாது. ஸ்டவ் ஏன் மருமகள் சமைக்கும்போது மட்டும் வெடிக்கிறது என்று பெண்கள் அமைப்புகள் தெருவில் நின்று கேட்டதால் வந்த சட்டம் அது. ஆனால் புகார் வந்தவுடன் வயதான மாமனார், மாமியார், ஊரில் இல்லாத நாத்தனார் என்று எல்லோரையும் சேர்த்துக் கைது செய்வதும் நடந்தது. 2014 ஜூலையில் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம், அவசியம் என்று காரணம் எழுதி வைக்காமல் கைது செய்யக் கூடாது என்று உத்தரவு போட்டது. 2017-ல் இன்னொரு அமர்வு, புகார்களை முதலில் குடும்ப நலக் குழுக்கள் பார்க்கட்டும் என்றது. பாதிக்கப்பட்ட பெண்ணுக்கு அது தடையாகும் என்று எதிர்ப்பு வந்தது. 2018-ல் அந்தக் குழுக்களை உச்ச நீதிமன்றமே நீக்கியது. ஆக, ஆண்களின் குறையை யாரும் காது கொடுத்துக் கேட்கவில்லை என்பது சரியல்ல.

இன்னொரு கணக்கும் உண்டு. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2021-ஆம் ஆண்டு அறிக்கைப்படி நாட்டில் தற்கொலை செய்துகொண்டவர்கள் 1,64,033 பேர். அதில் ஆண்கள் 1,18,979 பேர். பத்தில் ஏழுக்கும் மேல். தினக்கூலிக்காரர்கள்தான் அதில் பெரிய கூட்டம். இதைச் சொல்லி 'ஆண்கள்தான் பாவம்' என்பவர்கள், கணவனிடம் அடி வாங்கியதாக ஏறக்குறைய பத்தில் மூன்று மனைவிமார் சொன்ன தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பை ஒதுக்கிவிடுகிறார்கள். அதைச் சொல்பவர்களில் சிலர் இதை ஒதுக்கிவிடுகிறார்கள். இரண்டும் ஒரே வீட்டுக்குள் நடக்கிறது என்பது என் எண்ணம். அது எப்படி என்பதைப் பத்திரங்கள் எனக்குக் காட்டின.

எங்கள் ஊரிலிருந்து திண்டிவனம் போய், ஜி.எஸ்.டி. சாலையில் வடக்கே திரும்பினால் செங்கல்பட்டு. 1929 பிப்ரவரி 17, 18 தேதிகளில் அங்கே முதலாவது சுயமரியாதை மாகாண மாநாடு நடந்தது. தலைமை ஊ.பு.அ. சௌந்தரபாண்டியன். சாதிப் பட்டத்தை விட்டொழிக்கச் சொன்ன மாநாடு என்றுதான் பலருக்கும் நினைவு. அதே மாநாட்டில் இன்னொரு தீர்மானமும் நிறைவேறியது: பெண்களுக்கும் ஆண்களைப் போலவே சம சொத்துரிமையும் வாரிசு உரிமையும் வேண்டும். இன்றைக்குப் படித்தால் இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். இந்து விதவைக்குப் புருஷன் சொத்தில் ஆயுள்கால அனுபவ உரிமை கொடுத்த மத்தியச் சட்டமே 1937-ல்தான் வந்தது. அதுவும் விற்க முடியாத உரிமை. மகளைப் பற்றி அதில் பேச்சே இல்லை. அப்படியிருக்க 1929-ல் சமபங்கு கேட்டது சின்ன விஷயமில்லை.

பெரியார் அந்த நாட்களில் 'குடி அரசு' இதழில் எழுதிய கட்டுரைகள் பின்னால் 'பெண் ஏன் அடிமையானாள்?' என்று நூலாயின. அதில் ஒரு கட்டுரை, பெண்கள் விடுதலைக்கு ஆண்மை அழிய வேண்டும் என்பதைப் பற்றியது. வாலிப வயதில் அதைப் படித்துவிட்டு எனக்குக் கோபம் வந்தது. ஆண்கள் அழிய வேண்டும் என்று சொல்வதாக நினைத்துக்கொண்டேன். அவர் சொன்னது ஆளை அல்ல, 'ஆண்' என்ற பதவியை. பெண்களுக்காக ஆண்கள் பாடுபடுகிறோம் என்று சொல்வதைக்கூட அவர் நம்பத் தயாராக இல்லை. அந்தச் சந்தேகம் எவ்வளவு சரி என்பதற்கு நானே சாட்சி. அதைப் பிறகு சொல்கிறேன்.

மகளுக்குப் பங்கு கொடுக்கலாமா என்ற சண்டை நாடு முழுவதும் நடந்தது 1940-களில். பி.என். ராவ் குழு இந்துச் சட்டத்தைத் தொகுக்க ஊர் ஊராகக் கருத்துக் கேட்டது. எதிர்த்தவர்கள் சொன்ன காரணங்கள் மூன்று. நிலம் துண்டு துண்டாகிவிடும். மாப்பிள்ளை என்ற அந்நியன் குடும்பத்துக்குள் நுழைவான். அண்ணன் தங்கை பாசம் கெட்டுப்போகும். இந்துச் சட்ட மசோதா முடங்கிக் கிடந்ததைக் கண்டு 1951 செப்டம்பரில் அம்பேத்கர் சட்ட அமைச்சர் பதவியையே விட்டு வெளியே வந்தார். 1956-ல் இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்தபோது அப்பாவின் சுயசம்பாத்தியத்தில் மகளுக்குச் சமபங்கு கிடைத்தது. ஆனால் பூர்வீகக் கூட்டுக் குடும்பச் சொத்தில் பிறப்பால் வரும் உரிமை மகன்களுக்கு மட்டுமே என்று நிறுத்திக்கொண்டார்கள். கிராமத்தில் எவன் கையில் சுயசம்பாத்திய நிலம் இருந்தது? இருந்ததெல்லாம் தாத்தா நிலம்தான்.

அந்தக் கதவைத் தமிழ்நாடு திறந்தது 1989-ல். ஆந்திரா நமக்கு முன்னாலேயே செய்திருந்தது. கலைஞர் ஆட்சியில் வந்த திருத்தச் சட்டம், 1989 மார்ச் 25 முதல் மகளையும் மகனைப் போலவே கூட்டுக் குடும்பப் பங்காளி ஆக்கியது. செங்கல்பட்டுத் தீர்மானத்துக்குச் சரியாக அறுபது வருடம் கழித்து. ஆனால் அதில் ஒரு நிபந்தனை: அந்தத் தேதிக்கு முன் கல்யாணம் ஆன மகளுக்கு இந்த உரிமை கிடையாது. அப்போது நான் வேலைக்குச் சேர்ந்து நாலு வருடம். அதற்குப் பிறகு பல ஆண்டுகள், பத்திரம் எழுதுபவர் வீட்டுக்காரர்களிடம் கேட்கும் முதல் கேள்வி, "பொண்ணுக்கு எப்போ கல்யாணம் ஆச்சு?" என்பதுதான். கல்யாணப் பத்திரிகையைக் கையோடு கொண்டுவருவார்கள்.

சட்டம் வந்ததும் பெண்கள் பங்கு வாங்க வரிசையில் நின்றார்கள் என்று நினைக்காதீர்கள். வரிசையில் நின்றது உண்மை. பங்கை விட்டுக்கொடுக்க நின்றார்கள். விடுதலைப் பத்திரம் என்று அதற்குப் பெயர். சீராகவும் நகையாகவும் எனக்குச் சேர வேண்டியதைப் பெற்றுக்கொண்டபடியால் இனி மேற்படி சொத்தில் எனக்கு யாதொரு பாத்தியமும் இல்லை என்பது வாசகம். எத்தனை பத்திரம் பார்த்திருப்பேன்! அண்ணன்கள் வேனில் கூட்டி வருவார்கள். கையெழுத்து முடிந்ததும் ஓட்டலில் சாப்பாடு, ஒரு பட்டுப் புடவை. "சம்மதத்தோடதானேம்மா போடுறீங்க?" என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்று தலையாட்டுவார்கள். ஒருத்தி மட்டும், "நாளைக்கு ஒண்ணுன்னா தாய் வூட்டு வாசப்படி ஏறணுமே சார்" என்றாள். பாசம் கெடும் என்று 1940-களில் சொன்னார்களே, அந்தப் பாசத்துக்குப் பெண்கள் கட்டிய விலை இது.

இப்போது என் வீட்டுக் கணக்கு.

எங்களுக்குத் தாத்தா வழியில் 3 ஏக்கர் 20 சென்ட் புஞ்சை. சவுக்கு, தர்பூசணி, மணிலா போடுவோம். அப்பாவுக்கு நாலு பிள்ளைகள்: அக்கா, நான், தம்பி, தங்கை. அக்கா 1974-ல், பதினாலு வயதில், உப்பளத்துக்குப் போக ஆரம்பித்தாள். தையில் தொடங்கி ஐப்பசி மழை வரை வேலை. ஆண்கள் பலகை போட்டு உப்பு வாருவார்கள். பெண்கள் கூடையில் அள்ளித் தலையில் சுமந்து கரையில் கொட்டுவார்கள். வெள்ளையிலிருந்து திரும்பி அடிக்கும் வெயிலில் கண் எரியும், காலில் பித்த வெடிப்புக்குள் உப்புத் தண்ணீர் இறங்கும். ஆணுக்கு ஐந்து ரூபாய் என்றால் பெண்ணுக்கு மூன்று. சம ஊதியச் சட்டம் 1976-லேயே வந்துவிட்டது என்பது எனக்கே பல வருடம் கழித்துத்தான் தெரியும். அந்த மூன்று ரூபாயில்தான் என் நோட்டுப் புத்தகம், பரீட்சைக் கட்டணம், வேலை மனுவுக்கான தபால் தலை எல்லாம். நான் கரையேற வேண்டும் என்று அவள் கல்யாணம் தள்ளிப் போய் 1984-ல், இருபத்துநாலு வயதில் நடந்தது. எங்கள் ஊரில் அன்றைக்கு அது முற்றிய வயது.

தங்கை கல்யாணம் 1992-ல். பதினைந்து பவுன், இருபதாயிரம் ரொக்கம். அதற்காக நான் வாங்கிய கடன் 2001 வரை என் சம்பளத்தைத் தின்றது. என் மகனுக்கு ஒரு சைக்கிள் வாங்கித் தர முடியாமல் நின்றதுண்டு. அதையும் சொல்லத்தான் வேண்டும். அண்ணனாகப் பிறந்தவனின் கஷ்டம் பொய்யில்லை. யாரிடமும் அதைச் சொல்லி அழுததில்லை. ஆண் அழக் கூடாது என்றுதான் வளர்த்தார்கள்.

அம்மா முன்பே போய்விட்டாள். அப்பா 1996-ல் போனார். உயில் இல்லை. அடுத்த வருடம் பாகம் பிரிக்க உட்கார்ந்தோம். சட்டப்படி என்ன பங்கு என்று அந்தக் கூடத்தில் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அப்பா, இரண்டு மகன்கள், 1989-க்குப் பிறகு கல்யாணமான தங்கை என்று நாலு பங்காளிகள். ஆளுக்குக் கால். அப்பாவின் காலைப் பிள்ளைகள் நாலு பேருக்கும் பிரித்தால் ஆளுக்கு ஒரு வீசம். ஆக எனக்கும் தம்பிக்கும் தங்கைக்கும் கால் பங்கோடு ஒரு வீசம், அதாவது ஒவ்வொருவருக்கும் சரியாக ஒரு ஏக்கர். 1984-ல் கல்யாணமான அக்காவுக்கு அந்த வீசம் மட்டும். இருபது சென்ட். எங்கள் எல்லோருக்கும் முன்னால் சுமை தூக்கியவளுக்குச் சட்டம் வைத்தது வீசம் பங்கு.

அந்த வீசத்தையும் நான் விடவில்லை. இரண்டு பேரிடமும் விடுதலைப் பத்திரம் வாங்கினேன். யாரும் மிரட்டவில்லை. 'வழக்கம்தானே' என்றேன், அவ்வளவுதான். கணக்கை அவர்களிடம் சொல்லவே இல்லை. அக்கா அறிவொளி இயக்க வகுப்பில் எழுதப் படிக்கக் கற்றிருந்தாள். கைநாட்டு வேண்டாம், நான் கையெழுத்துப் போடுகிறேன் என்று பேனாவை வாங்கி, எழுத்துக் கூட்டித் தன் பெயரை எழுதினாள். அவள் கற்றுக்கொண்ட கையெழுத்தை முதன்முதலில் அரசாங்கக் காகிதத்தில் போட்டது அன்றைக்குத்தான். எனக்கும் தம்பிக்கும் ஆளுக்கு 1 ஏக்கர் 60 சென்ட் ஆனது. கிழக்குக் கடற்கரைச் சாலை வந்த பிறகு நிலம் விலை ஏறியது. 2007-ல் என் பாகத்தில் 80 சென்ட் விற்று வீடு கட்டினேன். அந்த வீட்டில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

2005-ல் மத்திய அரசு சட்டத்தைத் திருத்தி, கல்யாணம் எப்போது ஆகியிருந்தாலும் மகள் பங்காளிதான் என்றது. பிறந்த வீட்டைப் பாகம் பிரிக்கச் சொல்ல மகளுக்கு உரிமையில்லை என்றிருந்த 23-ஆம் பிரிவும் போயிற்று. 2005 செப்டம்பர் 9 அன்று தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற குழப்பத்தை 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்தது: தேவையில்லை, உரிமை பிறப்பால் வருவது. ஆனால் 2004 டிசம்பர் 20-க்கு முன் முறையாகப் பதிவான பாகப்பிரிவினையைக் கிளற முடியாது. எங்களுடையது 1997. சட்டத்தின் முன் நான் சுத்தமானவன்.

நண்பர் கேள்விக்கு இப்போது வருகிறேன். சொத்து மகனுக்கு, சீர் மகளுக்கு என்று பிரித்த ஏற்பாட்டில் ஆண் லாபம் மட்டும் பார்க்கவில்லை. நிலத்தோடு கடனும், பெற்றோரைக் காப்பதும், தங்கை கல்யாணமும் அவன் தலையில் விழுந்தன. யாழ்ப்பாணத்துத் தேசவழமையைப் பாருங்கள். டச்சுக்காரர்கள் 1707-ல் எழுதி வைத்த தமிழர் வழக்கச் சட்டம் அது. அங்கே சீதனம் என்பது மகளின் பங்காகவே இருந்தது. நிலமாகவே அவளுக்குக் கொடுப்பார்கள். சீதனம் வாங்கியவளுக்குப் பெற்றோரின் மிச்சச் சொத்தில் பங்கில்லை. மகன்களோ, கல்யாணம் ஆகும்வரை சம்பாதித்ததைக் குடும்பப் பொதுவில் போட வேண்டும். அங்கும் அண்ணன் தம்பிகள் சுமந்தார்கள். ஆனால் பெண்ணுக்குப் போனது நிலம். நம் பக்கம் அது நகையும் ரொக்கமுமாகி, மாப்பிள்ளை வீட்டார் கைக்குப் போனது. பெண்ணுக்கும் இல்லை, சுமந்த அண்ணனுக்கும் இல்லை.

இதே மாதிரி இன்னொரு சட்டம் உண்டு. பிறர் மனைவியோடு உறவு கொண்ட ஆணை மட்டும் தண்டிக்கும் 497-ஆம் பிரிவு. ஆணுக்கு மட்டும் தண்டனையா என்று 1954-லிருந்தே ஆண்கள் வழக்குப் போட்டுத் தோற்றார்கள். கடைசியில் 2018 செப்டம்பர் 27 அன்று ஜோசப் ஷைன் வழக்கில் அது ரத்தானது. எப்படித் தெரியுமா? மனைவியைக் கணவனின் உடைமையாக நினைத்து எழுதிய சட்டம் இது என்பது முக்கியமான காரணம். கணவன் சம்மதித்தால் குற்றமே இல்லை என்றிருந்த பிரிவாயிற்றே! பெண்ணை ஆளாக மதித்தபோதுதான் ஆணின் குறையும் தீர்ந்தது.

நண்பர் வீட்டு வழக்கை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும். ஆனால் இரண்டு நாள் கழித்து அவரிடம் தனியாக ஒன்று கேட்டேன். "கல்யாணத்துல எவ்வளவு பவுன் சார்?" "நாப்பது. நாங்க கேக்கல சார், அவங்களா போட்டாங்க." "அந்தப் பொண்ணுக்கு அவங்க அப்பா நிலத்துல பங்கு உண்டா?" "அவ அண்ணனுங்க எழுதி வாங்கிட்டாங்கன்னு சொன்னாங்க" என்றார். பிறகு ரொம்ப நேரம் பேசவில்லை. பிரிந்து வந்தவளுக்குத் தன் பேரில் ஒரு சென்ட் இருந்திருந்தால், காவல் நிலையம் தவிர இன்னும் நாலு வழி இருந்திருக்கும். அப்போது இவரும் மனைவியும் அங்கே போய் நின்றிருக்க மாட்டார்களோ என்னவோ.

போன மாசியில் அக்காவிடம் போய் எல்லாக் கணக்கையும் சொன்னேன். இருபது சென்டும் என் மிச்சப் பாகத்திலிருந்து எழுதித் தருகிறேன் என்றேன். என் மகன், "சட்டப்படி அவசியம் இல்லையேப்பா" என்றான். எனக்குத் தெரியாத சட்டமா? அக்கா சிரித்தாள். "இன்னாத்துக்குடா இப்போ? எனக்கு அறுவதுக்கு மேல ஆவுது" என்றாள். கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "சரி, எழுது. பட்டாவுல பேரு மட்டும் சரியா வரட்டும். ரேசன் கார்டுல தப்பா அடிச்சிட்டாங்க" என்றாள்.

செட்டில்மெண்ட் பத்திரம் பதிவாகிவிட்டது. தங்கைக்கும் போன் போட்டேன். "பதினஞ்சு பவுனும் அவங்க வியாபாரத்துக்குப் போயிடுச்சு அண்ணா. நிலம்னா போயிருக்காது இல்ல?" என்று மட்டும் கேட்டாள். குரலில் கோபம் இல்லை. அவளுக்குச் சேர வேண்டியது ஒரு ஏக்கர். அதில் பாதி என் தலையில், பாதி தம்பி தலையில். என் கையில் மிச்சம் இருப்பது 60 சென்ட். தம்பியிடம் இன்னும் பேசவில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை போகலாம் என்றிருக்கிறேன்.